சுற்றுவது மெதுவா, பற்றுவது தாமதமா? கார் கிளம்பத் தாமதித்தால் காரணம் கண்டறியும் வழி

நேற்று வரை சாவியைத் திருப்பிய உடனே கிளம்பிய கார் இன்று காலையில் நான்கைந்து விநாடி இழுத்தடித்த பிறகுதான் கிளம்பியது என்று யாரிடமாவது சொன்னால், அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி முதல் எதிர்வீட்டுக்காரர் வரை அனைவரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: “பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடுங்க.” பல வேளைகளில் அது சரியாகவே இருக்கும். சரியாக இல்லாத வேளைகளில், புதுப் பேட்டரிக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்த பிறகும் கார் அதேபோல இழுத்தடிக்கும். நானும் ஒருமுறை அப்படிப் பணத்தை விட்டவன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

‘வண்டி ஸ்டார்ட் ஆக லேட் ஆகுது’ என்று நாம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடும் குறை, உண்மையில் இரண்டு வெவ்வேறு நோய்கள். முதலாவது, செல்ஃப் மோட்டார் என்ஜினை மெதுவாகச் சுழற்றுவது. இரண்டாவது, செல்ஃப் நன்றாகவே சுழற்றியும் என்ஜின் பற்றிக்கொள்ளத் தாமதிப்பது. முன்னது மின்சாரம் தொடர்பானது. பின்னது எரிபொருள், தீப்பொறி, சென்சார் ஆகியவை தொடர்பானது. இரண்டுக்கும் பொதுவான காரணங்கள் மிகச் சிலவே என்பதால், எது உங்கள் காரின் நோய் என்று பிரித்தறிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பிரித்தறிய முதலில் வேண்டியது காது. நல்ல நிலையில் உள்ள செல்ஃப், என்ஜினை நிமிடத்துக்குச் சுமார் 200 முதல் 250 சுற்று வேகத்தில் சுழற்றும். அந்த ஒலி ‘கிர்ர்ர்’ என்று இடைவெளியின்றித் தொடர்ந்து வரும். மெதுவாகச் சுழலும்போது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தமும் தனித்தனியே கேட்கும், ‘ர்ர்ரூ... ர்ர்ரூ... ர்ர்ரூ’ என்று சுமை தூக்கிப் படியேறுபவரின் மூச்சைப் போல வரும். கார் நன்றாக இருக்கும் நாளிலேயே, கிளம்பும் ஒலியைக் கைபேசியில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுமாறு நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. குறை வந்த பிறகு ‘முன்பு எப்படி இருந்தது’ என்று நினைவிலிருந்து ஒப்பிடுவது நடக்காத காரியம்.

அடுத்து, தாமதம் எப்போது நேர்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரவு முழுவதும் நின்ற பிறகு காலையில் மட்டுமா? நெடுந்தூரம் ஓட்டிவந்து, கடையில் 20 நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்பும்போது மட்டுமா? பெட்ரோல் போட்ட உடனேயா? இரண்டு மூன்று நாள் எடுக்காமல் விட்ட பிறகா? ஒவ்வொரு விடையும் வெவ்வேறு உறுப்பைச் சுட்டுகிறது என்பதால், ஒரு வாரம் பொறுமையாகக் குறித்து வைத்தால், பின்னர் செய்யும் சோதனைகளில் பாதிக்கு மேல் தேவையற்றுப் போகும்.

கருவி என்று பார்த்தால், சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றும், கைபேசியோடு புளூடூத்தில் இணைந்து காரின் கணினியில் உள்ள தகவல்களைக் காட்டும் ஓபிடி அடாப்டர் ஒன்றும் போதும். சோதனையைத் தொடங்கும் முன் கை பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலிலோ, ஆட்டோமேட்டிக் கார் என்றால் ‘பி’ நிலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். மோதிரம், காப்பு, உலோகப் பட்டை கொண்ட கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். பேட்டரியின் இரு முனைகளையும் ஒரு காப்பு இணைத்துவிட்டால் நொடிப்பொழுதில் அது பழுக்கக் காய்ச்சிய இரும்பாகிவிடும்.

செல்ஃப் மெதுவாகச் சுற்றினால்

முதல் அளவீடு, ஓய்வில் இருக்கும் பேட்டரியின் வோல்டேஜ். காரை ஓட்டிவந்து நிறுத்திய உடனே அளந்தால் எண் பொய் சொல்லும். சார்ஜ் ஆகிக்கொண்டிருந்த பேட்டரியின் மேற்பரப்பில் தங்கியிருக்கும் மின்னூட்டம் அதை உயர்த்திக் காட்டும். ஆகவே காலையில், காரைக் கிளப்புவதற்கு முன் அளப்பதே சரி. 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி முழுமையாக நிரம்பியிருக்கிறது என்று கொள்ளலாம். 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால், 12.2 என்றால் பாதி. 12.0 அல்லது அதற்குக் கீழே என்றால், வேறு எதையும் சோதிப்பதற்கு முன் பேட்டரியை வெளியில் சார்ஜ் செய்துகொள்ளுங்கள். காலியான பேட்டரியை வைத்துக்கொண்டு செய்யும் எந்தச் சோதனையும் குழப்பத்திலேயே முடியும்.

ஓய்வு வோல்டேஜ் நன்றாக இருப்பதாலேயே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்தாலும் குழாயில் அடைப்பு இருந்தால் நீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும் அல்லவா, அதைப் போல. எனவே இரண்டாவது அளவீட்டைச் சுமையின்கீழ் எடுக்க வேண்டும். மீட்டரின் கம்பிகளைப் பேட்டரியின் இரு முனைகளிலும் பிடித்துக்கொண்டு, வீட்டில் ஒருவரைக் காரைக் கிளப்பச் சொல்லுங்கள். செல்ஃப் சுற்றும் அந்த ஓரிரு விநாடிகளில் வோல்டேஜ் 9.6-க்குக் கீழே போகக்கூடாது. பல பெட்ரோல் கார்களில் ஆக்சிலரேட்டரை முழுவதுமாக மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினால் எரிபொருள் நின்றுவிடும். என்ஜின் பற்றாமல் சுற்றிக்கொண்டே இருப்பதால் அளக்க நேரம் கிடைக்கும். உங்கள் காரில் அந்த வசதி உண்டா என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் செல்ஃபைச் சுற்றவிடாதீர்கள். அடுத்த முயற்சிக்கு முன் ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள்.

இந்த இரண்டாவது எண்ணை வாசிக்கத் தெரிந்தால் போதும், யாரும் உங்களிடம் தேவையற்ற பேட்டரியை விற்க முடியாது. ஓய்வில் 12.6 காட்டிய பேட்டரி செல்ஃப் சுற்றும்போது 8 வோல்ட்டுக்குச் சரிந்தால், ஒன்று பேட்டரி உள்ளே நலிந்திருக்கிறது, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறிய மின்சாரத்தை இழுக்கிறது. அதற்கு மாறாக, என்ஜின் மெதுவாகச் சுற்றும்போதும் பேட்டரி முனைகளில் 11 வோல்ட்டுக்கு மேல் அசையாமல் நின்றால், பேட்டரி கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறது. கொடுப்பது செல்ஃபுக்குப் போய்ச் சேரவில்லை. வயரிலோ, இணைப்பிலோ, செல்ஃபின் உள்ளேயோ எங்கோ தடை இருக்கிறது.

என் கதை இந்த இடத்தில்தான் வருகிறது. திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நாங்கள் குடியிருந்தபோது, 8 ஆண்டு பழகிய எங்கள் சிறிய பெட்ரோல் கார் காலை நேரங்களில் மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து, ஹாரனை அடித்துப் பார்த்து, பேட்டரி போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னார். புதுப் பேட்டரி போட்டதும் ஒரு வாரம் நன்றாகக் கிளம்பியது. பிறகு பழைய கதை. அதன் பிறகுதான் மீட்டரை எடுத்தேன். ஒரு கம்பியைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றொரு கம்பியை என்ஜினின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியிலும் வைத்துக்கொண்டு, மனைவியைக் காரைக் கிளப்பச் சொன்னேன். ஒரே உலோகப் பாதையின் இரு முனைகள் என்பதால், அங்கே ஏறத்தாழ பூஜ்யம் காட்ட வேண்டும், 0.2 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். மீட்டர் 1.4 காட்டியது. செல்ஃபுக்குப் போக வேண்டிய மின்னழுத்தத்தில் ஒன்றரை வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவானது அந்த ஒரு வயரிலேயே கரைந்துகொண்டிருந்தது. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து வரும் எர்த் வயரைக் காரின் அடியில் கியர்பாக்ஸோடு இணைக்கும் போல்ட்டைக் கழற்றியபோது, வளையத்தின் அடிப்பகுதி பச்சை பூத்து, தொட்டால் தூளாக உதிரும் நிலையில் இருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, வயரின் முனையை மாற்றி இறுக்கிய பிறகு 0.1 வோல்ட். புதுப் பேட்டரியைப் பழைய பேட்டரியோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியவில்லை. பழையதை மாற்று விலைக்குக் கடைக்காரர் எடுத்துப் போயிருந்தார்.

எனவே எர்த் பக்கத்தை முதலில் அளந்துவிடுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், காசிமேடு, கிழக்குக் கடற்கரைச் சாலை என்று உப்புக்காற்று படும் பகுதிகளில் நிற்கும் கார்களுக்கு இது முதல் சந்தேகமாகவே இருக்க வேண்டும். அதன் பிறகு பாசிட்டிவ் பக்கம்: பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் ஒரு கம்பி, செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டில் மற்றொன்று. செல்ஃப் சுற்றும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் தடை உண்டு. பெரும்பாலும் அது பேட்டரி முனையின் கவ்வியிலேயே இருக்கும். மேலே பளபளப்பாகத் தெரியும் கவ்வியைக் கழற்றிப் பார்த்தால், ஈயமுனையோடு தொடும் உட்பக்கம் கறுத்திருக்கும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், சமையல் சோடா கலந்த நீரை ஊற்றிப் பொங்கி அடங்கிய பிறகு பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, இறுக்கி, மேலே சிறிது வாசலின் தடவிவிடுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வயர்களும் இணைப்புகளும் சரியாக இருந்து, பேட்டரியும் சரியாக இருந்தால், மிஞ்சுவது செல்ஃப் மோட்டார்தான். மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சருக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அதன் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் ஒருபக்கம் உரசலாம். மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின்காந்தச் சுவிட்சான சாலினாய்டின் உள்ளே உள்ள செப்புத் தொடுமுனைகள் கருகியிருக்கலாம். சாவியைத் திருப்பியதும் ‘டிக்’ என்று ஒரே ஒரு கனத்த ஓசை மட்டும் கேட்டு மோட்டார் சுற்றாமல் நின்றால் சாலினாய்டையோ மோட்டாரையோ சந்தேகியுங்கள். ‘டிக் டிக் டிக் டிக்’ என்று வேகமாக அடித்துக்கொண்டால் வோல்டேஜ் போதவில்லை என்று பொருள், மீண்டும் பேட்டரிக்கும் கவ்விகளுக்கும் திரும்புங்கள். குளிர்ந்த என்ஜினில் நன்றாகச் சுற்றி, நெரிசலில் ஓடிக் கொதித்துப்போன என்ஜினில் மட்டும் திணறும் செல்ஃப், பெரும்பாலும் பிரஷ் அல்லது புஷ் தேய்ந்த செல்ஃபாக இருக்கும். ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் பிரஷும் புஷ்ஷும் மாற்றிச் சரிசெய்து கொடுப்பார்கள். முழு மோட்டாரையும் மாற்ற வேண்டிய தேவை பல வேளைகளில் இருக்காது. புதிய உதிரி பாகம் வேண்டுமென்றால் ஜி.பி. ரோடு, பழையது போதும் என்றால் புதுப்பேட்டை. புதுப்பேட்டையில் எடுக்கும் செல்ஃபைக் கடையிலேயே பேட்டரியில் வைத்துச் சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஆனால், சுமையின்றிச் சுழலும் மோட்டார் என்ஜினை இழுக்கும்போது எப்படி இருக்கும் என்பதை அது காட்டாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பேட்டரி உண்மையிலேயே குற்றவாளி என்று தெரிந்தால், அது ஏன் போனது என்றும் கேட்க வேண்டும். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகள் பனிக்காலத்தைப் பேட்டரியின் எதிரியாகச் சொல்லும். சென்னையில் எதிரி வெயில். ஈய-அமிலப் பேட்டரியின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களிடையே வழங்கும் கணக்கு. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், நிழலில்லாத தெருவோரம் நின்று, பிறகு கொதிக்கும் என்ஜினுக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருக்கும் பேட்டரியின் உள்ளே தகடுகள் அரிப்பதும் நீர் வற்றுவதும் வேகமாகவே நடக்கும். மூடி திறக்கும் வகைப் பேட்டரி என்றால், மார்ச் முதல் ஜூன் வரை மாதம் ஒருமுறை நீர்மட்டத்தைப் பார்த்து, டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். மெட்ரோ வாட்டரோ கேன் தண்ணீரோ வேண்டாம். அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் கிடைத்தால், சார்ஜ் செய்த பிறகு ஆறு அறைகளையும் அளந்து பாருங்கள். ஓர் அறையின் அளவு மற்றவற்றைவிட 0.050-க்கு மேல் குறைந்திருந்தால் அந்த அறை போய்விட்டது; சார்ஜ் செய்து பயனில்லை.

சார்ஜ் ஆவதையும் சோதித்துவிட வேண்டும். என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பது வழக்கம். 13-க்குக் கீழேயே நின்றால், மெக்கானிக்குகள் இன்றும் டைனமோ என்றே சொல்லும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பாருங்கள். அண்மைக்கால கார்கள் சிலவற்றில் இந்த வோல்டேஜைக் கணினியே கூட்டிக் குறைக்கும் என்பதால், ஒருமுறை குறைந்த எண்ணைக் கண்டதும் பதறாமல், விளக்கையும் ஏசியையும் போட்டு மீண்டும் அளந்து பாருங்கள். சிக்னலில் தானாக நின்று தானாகக் கிளம்பும் கார்களுக்கு அதற்கென்றே செய்யப்பட்ட பேட்டரி உண்டு. விலை குறைவு என்று சாதாரணப் பேட்டரியை அதில் போடுவது வீண் செலவு. குறையே இல்லாத காரிலும், அடையாறிலிருந்து மயிலாப்பூருக்கு மாலை நெரிசலில் ஏசியும் விளக்கும் போட்டு ஊர்ந்து சென்று திரும்புவதே அன்றாட ஓட்டம் என்றால், கிளம்பும்போது செலவான மின்சாரம் திரும்பச் சேர்வதே கடினம்.

இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் மட்டும் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் கசிவைத் தேடுங்கள். காரைப் பூட்டிவிட்டு, நெகட்டிவ் முனைக்கும் அதன் வயருக்கும் இடையே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் தொடராக இணைத்து, உள்ளே இருக்கும் கணினிகள் உறங்கும்வரை அரை மணி நேரம் காத்திருங்கள். 50 மில்லிஆம்பியர் வரை இயல்பு. 300 மில்லிஆம்பியர் காட்டினால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-மணி கசிகிறது. 45 ஆம்பியர்-மணிப் பேட்டரி மூன்றே நாளில் ஏறத்தாழப் பாதி காலியாகும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கும்போது எதில் எண் விழுகிறதோ அந்தப் பாதையில்தான் திருடன் இருக்கிறான். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் கார் வாங்கிய பிறகு மாட்டிய டேஷ்கேமாகவோ, மியூசிக் சிஸ்டமாகவோ, ஜிபிஎஸ் கருவியாகவோ இருக்கும். மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பிவிடாதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பற்றவில்லை என்றால்

பெட்ரோல் காரில் செலவே இல்லாத ஒரு சோதனையிலிருந்து தொடங்கலாம். சாவியை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் திருப்பி, பின் இருக்கையின் பக்கம் காதைக் கொடுங்கள். டாங்கினுள் இருக்கும் பம்ப் இரண்டு மூன்று விநாடி ‘ம்ம்ம்’ என்று ஓடி நிற்கும். நின்றதும் சாவியை அணைத்து, மீண்டும் ‘ஆன்’ செய்யுங்கள். இப்படி மூன்று முறை செய்துவிட்டு நான்காவது முறை கிளப்பும்போது, இழுத்தடிக்காமல் உடனே கிளம்பினால், இரவில் எரிபொருள் குழாயின் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று பொருள். பம்ப்போடு சேர்ந்த ஒருவழி வால்வு கசியலாம், அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் கசியலாம், என்ஜினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் சொட்டலாம். எது என்று உறுதியாகத் தெரிய அழுத்தமானி வேண்டும். அது பணிமனை வேலை. ஆனால், கசிவது அழுத்தம்தான் என்று தெரிந்துகொண்டு போவதற்கும், ‘வண்டி ஸ்டார்ட் ஆகல’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு போவதற்கும் இடையே பில்லில் பெரிய வித்தியாசம் உண்டு.

மூன்று முறை செய்தும் மாற்றமில்லை என்றால் ஓபிடி அடாப்டரை மாட்டுங்கள். எச்சரிக்கை விளக்கு எரியாவிட்டாலும் பதிவான பிழைக் குறியீடுகள் இருக்கக்கூடும். அவற்றை அழிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகு, நான் மிகவும் நம்பும் ஒரு சோதனை: இரவு முழுவதும் நின்ற காரில், கிளப்புவதற்கு முன், ஓபிடி காட்டும் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் ஒப்பிடுங்கள். எட்டு மணி நேரம் ஆறிய என்ஜினில் இரண்டும் ஒன்றுக்கொன்று சில டிகிரிக்குள் இருக்க வேண்டும். காற்று 28 டிகிரி என்றும் கூலன்ட் 75 டிகிரி என்றும் காட்டினால், கூலன்ட் சென்சார் பொய் சொல்கிறது. என்ஜின் ஏற்கெனவே சூடாக இருப்பதாக நினைக்கும் கணினி, குளிர்ந்த என்ஜினுக்குத் தேவையான கூடுதல் பெட்ரோலைத் தெளிக்காமல் விடுகிறது. அதுவே தலைகீழாக, சூடான என்ஜினைக் குளிர்ந்தது என்று காட்டினால், பெட்ரோல் மிகுந்துபோய்ச் சூடான நிலையில் கிளம்பத் தாமதிக்கும். விலை குறைந்த சென்சார்தான். அது கெட்டதற்காக பம்ப்பை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

அதே திரையில், செல்ஃப் சுற்றும்போது என்ஜின் வேகம் எவ்வளவு காட்டுகிறது என்றும் பாருங்கள். காதுக்குச் சுற்றுவது கேட்கிறது, திரையில் பூஜ்யம் என்றால், என்ஜின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரிலிருந்து தகவல் வரவில்லை. தகவல் வராதவரை கணினி தீப்பொறியும் கொடுக்காது, எரிபொருளும் தெளிக்காது. சூடானால் மட்டும் படுத்துக்கொண்டு, ஆறியதும் எதுவும் நடக்காததுபோல எழுந்துவிடும் கிராங்க் சென்சார்கள் உண்டு. பணிமனைக்குக் கொண்டுபோகும்போது கார் நன்றாகவே கிளம்பித் தொலைக்கும் என்பதால், குறை வரும் நேரத்தில் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கையால் கழற்றிப் பார்க்கக்கூடியவை, தீப்பொறி தரும் பிளக்குகள். முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தாலோ, கறுத்து ஈரமாக இருந்தாலோ மாற்றிவிடுங்கள். இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்பது காருக்குக் கார் மாறும், கையேட்டில் இருக்கும். ஆக்சிலரேட்டரை இலேசாக மிதித்தால் மட்டும் கிளம்புகிறது என்றால், த்ராட்டில் பாடியில் கரி படிந்து காற்று போகும் வழி அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கென்ற ஸ்பிரேயால் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். டாங்க் நிரப்பிய உடனே மட்டும் தாமதிக்கிறது என்றால், டாங்கின் ஆவியை என்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சூடாக நிறுத்தி 20 நிமிடம் கழித்துக் கிளப்பும்போது கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வந்தால், சொட்டும் இன்ஜெக்டர்.

டீசல் காரில் முதல் சந்தேகம் காற்று. எரிபொருள் குழாயிலோ ஃபில்டரின் வாஷரிலோ நுண்ணிய கசிவு இருந்தால், இரவில் டீசல் டாங்குக்குத் திரும்பி அந்த இடத்தில் காற்று புகுந்துவிடும். ஃபில்டருக்குப் பக்கத்தில் கைப்பம்ப் இருக்கும் கார் என்றால், காலையில் அதை இறுகும்வரை அழுத்திவிட்டுக் கிளப்புங்கள். உடனே கிளம்பினால் காற்றுதான். ஃபில்டரை மாற்றிய மறுநாள் இந்தக் குறை தொடங்கியிருந்தால், வேறெங்கும் தேட வேண்டாம். வாஷரைச் சரியாக உட்காரவைக்கவில்லை. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ‘ரெயில்’ என்ற ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் டீசல்களில், ரெயிலின் அழுத்தம் சுமார் 200 பார் அளவை எட்டாதவரை கணினி இன்ஜெக்டரைத் திறக்காது. ஓபிடி திரையில் அழுத்தம் மெல்ல மெல்ல ஏறுவது தெரிந்தால், இன்ஜெக்டர்கள் திருப்பி அனுப்பும் டீசலைத் தனித்தனிக் குப்பிகளில் பிடித்து ஒப்பிடும் சோதனையைப் பணிமனையில் கேளுங்கள். எந்தக் குப்பி மற்றவற்றைவிட வெகுவாக நிறைகிறதோ, அந்த இன்ஜெக்டர்தான் அழுத்தத்தை விழுங்குகிறது. பழைய டீசல் என்ஜின்களில் செய்ததுபோல, உயர் அழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்றெடுக்க ஒருபோதும் முயலாதீர்கள். ஓடும் என்ஜினில் அங்கே அழுத்தம் 1,000 பாருக்கு மேலும் போகக்கூடும். மயிரிழை போல் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

குளிர்ந்த டீசல் என்ஜினின் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் பற்றி ஒரு வார்த்தை. டீசல் கார் தாமதித்தால் உடனே ‘ஹீட்டர் பிளக் மாத்தணும்’ என்று சொல்பவர்கள் உண்டு. ஊட்டியில் அது சரியான சந்தேகம். மார்கழி விடியற்காலையிலும் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் சென்னையில், நேரடி இன்ஜெக்‌ஷன் கொண்ட நல்ல டீசல் என்ஜின் ஹீட்டர் பிளக்கின் தயவில்லாமலேயே கிளம்ப வேண்டும். இங்கே அது கடைசிச் சந்தேகமாக இருக்கட்டும்.

வெள்ளம் பார்த்த கார்

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நீரில் நின்ற கார்களின் கதை வேறு. நீர் என்ஜினின் காற்றுக்குழாய் மட்டத்தைத் தொட்டிருந்தால், அதைக் கிளப்பிப் பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் அழுத்தத்துக்கு அடங்காது. செல்ஃப் ஒருமுறை சுழன்றாலே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடலாம். இழுவை வண்டியை அழைத்து, பிளக்கோ இன்ஜெக்டரோ கழற்றி நீரை வெளியேற்றிய பிறகே சுழற்ற வேண்டும். சக்கரத்தின் பாதி வரை மட்டும் நீர் ஏறிய கார்கள் அன்று நன்றாகவே கிளம்பிவிடும். சில மாதம் கழித்து எர்த் வயரும் செல்ஃபின் புஷ்ஷும் துருப்பிடித்து மெதுவாகச் சுற்றத் தொடங்கும். பெட்ரோல் டாங்குக்குள் சிறிதளவு நீர் போயிருந்தாலும் இன்று பொருட்படுத்தாமல் இருக்க முடியாது. இப்போது நாம் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் உண்டு. எத்தனால் நீரை ஈர்த்துக்கொண்டு, அளவு மிஞ்சினால் பெட்ரோலிலிருந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடிமட்டத்திலிருந்துதான்.

இத்தனையும் பார்த்த பிறகு பணிமனைக்குப் போக வேண்டியிருந்தால், வாய்மொழியாகச் சொல்லாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நான் கடைசியாகக் கொடுத்த தாளில் இருந்தவை இவ்வளவுதான்: “காலையில் மட்டும் தாமதம். சூடாக இருந்தால் உடனே கிளம்புகிறது. செல்ஃப் வேகம் நன்று. பேட்டரி ஓய்வில் 12.5, சுற்றும்போது 10.4. எர்த் பக்கம் 0.1. சாவியை மூன்று முறை ஆன் செய்தால் உடனே கிளம்புகிறது. பிழைக் குறியீடு இல்லை. கூலன்ட் 29, காற்று 28.” அதைப் படித்த மெக்கானிக், பேட்டரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அழுத்தமானியை எடுத்துவரப் போனார்.